ராஜாமணியம்மா வீட்டு அழிஞ்சில் மரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன். அடுத்த வீட்டு அடுப்படிச் சங்கதியை நாம் எதற்கு ஊருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றும். மடித்து வைத்துவிடுவேன். இன்னொரு பயமும் உண்டு. இதில் சாமி காரியம் கலந்திருக்கிறது. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஒரு சொல் கூடிப்போனால் அந்தப் பாவம் யாருக்கு? இப்போது அந்த வீட்டு மருமகள் கலாமணியே, "எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திப்போடுங்க" என்று சொல்லிவிட்டாள். நர்சரியில் இன்றைக்கு வேலை செய்கிற பெண்களும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். மருதமலை முருகனைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நர்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். முதலில் பையில் மண் ரொப்பினேன். பிறகு தண்ணி ஊற்றினேன். பிறகு விதைப் பாத்தி என் கைக்கு வந்தது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அதை விட்டு நகரவில்லை. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

நர்சரி சரோஜினியம்மாவுடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஒரு காலத்தில் மில் நடத்தின குடும்பம். மில் மூடினபிறகு அந்த அம்மா இந்த இடத்தில் நர்சரி போட்டார். கூலிக்கு வந்த எங்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். திட்டினாலும் மரியாதையோடுதான் திட்டுவார். "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்பார். அதைக் கேட்டுச் சிரிக்காமல் நிற்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடு.

இப்போது செடிகள் லாரியில் பூவோடு வந்து இறங்குகின்றன. வாங்குகிறவர்கள் போனில் படத்தைக் காட்டி, இது இருக்கா என்று கேட்டு, வண்டியில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சரோஜினியம்மாவிடம் அப்படி வாங்கிவிட முடியாது. செடி கேட்டு வந்தவரை நிற்க வைத்து, கையிலிருக்கிற குடை நுனியால் மண்ணில் ஒரு கட்டம் போடுவார். "இது உங்க ஊடு. வாசல் எந்தப் பக்கமுங்க?" வந்தவர் காட்டுவார். "காம்பவுண்டுச் சுவர் எங்க? சாக்கடை எங்க போகுது? காலை வெய்யில் எங்க விழுகுது? சிறுவாணித் தண்ணியா, போர் தண்ணியா?" எல்லாம் கேட்டுவிட்டுக் குடை நுனியை ஒரு இடத்தில் குத்துவார். "இங்க வெக்கறதுன்னா தாரேன். வேற எடத்துல வெக்கறதுன்னா வேற கடை பாருங்க." கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒருத்தர், "பொண்ணு கேக்க வந்தாக்கூட இத்தனை கேக்கமாட்டாங்கம்மா" என்றார். "பொண்ணுன்னா புடிக்கலைன்னா திரும்பி வந்துருமுங்க. செடி வராது" என்றார் இந்த அம்மா.

அந்தப் பேச்சை அன்றைக்கு எல்லோரும் சிரித்துக் கேட்டோம்.

கலாமணி வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. கல்யாணமான புதுசு. மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, ஆர்.எஸ்.புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் சுந்தரம் மோட்டார் பம்பு வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். மாமியார் ராஜாமணியம்மா, மாமனார் இல்லை.

"அழிஞ்சில் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ரோஜா கேட்பார்கள், குரோட்டன்ஸ் கேட்பார்கள். அழிஞ்சிலை வீட்டுக்குக் கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். காட்டோரத்திலும் கோயில் வனத்திலும் தானாக நிற்கிற மரம். கிளை நுனியில் முள் இருக்கும். மாசியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, மொட்டைக் கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அந்த வாசத்துக்குத் தேனீ கூட்டம் போடும். வைகாசியில் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். சில மரங்களில் கீழே விழுந்த விதை திரும்பிப் போய் மரத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்று ஏறழிஞ்சில் என்பார்கள். அதனால் சிலர் சாமி மரம் என்பார்கள். மந்திரக்காரன் மை வைக்கிற மரம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சீமையில் வீட்டுத் தோட்டத்துக்கென்றே வளர்க்கிற டாக்வுட் என்கிற மரத்துக்கு இது பங்காளி முறை என்று சரோஜினியம்மா புத்தகம் பார்த்துச் சொன்னார். "அங்க தோட்டத்துல வெச்சு அழகு பாக்கறாங்க, இங்க பேயின்னு வெரட்டறோம்" என்பார்.

"எங்கூர்ல கன்னிமார் கோயில்ல இருக்குதுங்க அக்கா. அந்தப் பூ வாசம் இல்லாம இங்க மாசி மாசம் மாசி மாதிரியே இல்லீங்க" என்றாள் கலாமணி.

எங்களிடம் ஒரே ஒரு கன்று இருந்தது. நானே விதை போட்டு எடுத்தது. அந்தப் பழத்தின் சதை கோந்து மாதிரி விடாது. அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். நிழலில் உலர்த்தி, சாணிக் கரைசலில் ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் கலந்த பாத்தியில் போட்டால், செத்துப்போய்விட்டது என்று நாம் மறந்த பிறகு முளைக்கும். நிறையப் போட்டதில் பிழைத்தது அது ஒன்றுதான். ஆள் உயரத்துக்கு வந்து, கேட்பாரில்லாமல் மூலையில் நின்றது. குடை மண்ணில் கட்டம் போட்டது. கிழக்கு வாசல், சுவரிலிருந்து தள்ளி, வெயில் படுகிற இடம். கலாமணி தன் கையால் நட்டாள். நான் போய்க் குழி பார்த்துக் கொடுத்தேன்.

ஏழெட்டு வருஷத்தில் நல்ல மரமாகிவிட்டது. அந்தத் தெருவுக்கே மாசியில் வாசம் அடித்தது. எருவுக்கு வரும்போதெல்லாம் கலாமணி மரத்தைப் பற்றித்தான் சொல்வாள். அப்படி ஒரு தடவை, "அத்தை மரத்துல வெத ஒட்டியிருக்கறதைப் பாத்துட்டாங்க. ஏறழிஞ்சில்னு பூசை பண்றாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். நான் போட்ட விதை சாமியாகிவிட்டதே என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

அதற்கு அடுத்த ஆனி மாசம் அவள் வந்தபோது முகமே சரியில்லை.

"அக்கா, மரம் துளுக்கவே இல்லீங்க. மாசியில கொட்டுன எலை. சித்திரை போச்சு, வைகாசி போச்சு, இன்னும் மொட்டையா நிக்குது."

பூ வந்ததா என்று கேட்டேன். நாலு கொத்து வந்து கருகிவிட்டதாம். அதோடு இன்னொன்றும் சொன்னாள். மரத்தடியில் விளக்கேற்றப் போன ராஜாமணியம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பயந்துபோய்க் குறி கேட்டிருக்கிறார்கள். குறிகாரர், "நட்ட கை சரியில்லை" என்று சொல்லிவிட்டார். நட்ட கை கலாமணியின் கை.

"ஆடி பொறந்ததும் என்னைய அம்மா ஊட்டுக்குப் போகச் சொல்றாங்க அக்கா. மரம் துளுத்தா ஆவணியில வந்து கூட்டியாருவாங்களாம்."

"துளுக்கலைன்னா?"

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குச் சீரோடு அழைத்துப்போவது நம் பக்கத்து வழக்கம்தான். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆனவளை யாராவது அப்படி அனுப்புவார்களா? வெளியில் சொல்லிக்கொள்ள ஆடி ஒரு சாக்கு.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சரோஜினியம்மா குடையை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "பழனியம்மா, வாங்க. போயிப் பாக்கலாம்."

போய்ப் பார்த்ததும் எனக்குக் கும்பிடுவதா அழுவதா என்று தெரியவில்லை. மரத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டியிருந்தார்கள். உள்ளே மண் ரொப்பி, மேலே பளபளவென்று டைல்ஸ். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசி, மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, அகல் வைத்திருந்தார்கள். மேடையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் பாலபிஷேகம், மஞ்சள் நீர் அபிஷேகம். ஊற்றின பாலும் தண்ணியும் வெளியே போக வழியே இல்லை. அத்தனையும் உள்ளேதான் இறங்கியிருக்கிறது.

ராஜாமணியம்மா கையில் மாவுக்கட்டோடு வந்தார். பெரிய பொட்டு, திருநீறு, கம்பீரமான ஆள், யாரையும் 'வா, போ' என்றுதான் பேசுவார். என்னைப் பார்த்து, "வாம்மா" என்றார். சரோஜினியம்மாவைப் பார்த்து, "வா அம்மணி. எப்படிக் கட்டியிருக்கறேன் பாத்தியா? கோயிலாட்டம்?" என்றார்.

"நெம்ப நல்லா கட்டியிருக்கறீங்க" என்றார் சரோஜினியம்மா. "இதை எடுத்தாகணுமுங்க."

"எதை?"

"மேடையை. மரத்தோட கழுத்து உள்ள பொதைஞ்சிருக்குது. கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டா ஆருக்குங்க மூச்சு வரும்?"

ராஜாமணியம்மாவுக்கு முகம் சிவந்தது. "அம்மன் உக்காந்திருக்கற எடத்துல கடப்பாரை போடச் சொல்றயா? இருக்கற தோஷம் போதாதா? மரத்துக்கு ஒரு சீக்கும் இல்ல. நட்ட கை அப்படி."

அந்த வார்த்தை கேட்டதும் நான் முன்னால் வந்தேன். "நட்ட கை கலாமணியோடதுதானுங்கம்மா. வெத போட்ட கை என்னுதுங்க. கை சரியில்லைன்னா மொதல்ல என் கையச் சொல்லுங்க."

"உன்னை ஆரு சொன்னா?" என்றார்.

"நர்சரியில என் கையில செடி வாங்குனா கைராசின்னு தேடி வாராங்க. இந்த மரத்துக்கு வெத போட்டதும் அந்தக் கைதானுங்களே."

சுந்தரம் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஆனால் அம்மாவுக்கு எதிரே வாய் திறக்கமாட்டார். கலாமணி உள்ளே காபி ஆற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. ராஜாமணியம்மா சொன்னதில் எனக்கும் பாதி சம்மதம். சாமி இருக்கிற இடத்தில் கடப்பாரை போட எனக்கும் கை வராது. அந்தச் சமயம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. கோபுரத்தில் ஆள் ஏறி இடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பயப்படவில்லை. ஏனென்றால் அம்மனைக் கலசத்தில் இறக்கி, பாலாலயம் செய்து, தனியாகக் கொட்டகையில் வைத்துப் பூஜை செய்துகொண்டிருந்தார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆனால் அம்மன் திரும்பிப் போய்விடுவாள்.

மறுநாள் காலையில் நான் தனியாக ஆர்.எஸ்.புரம் போனேன். "அம்மா, ஒரு பாலாலயம் பண்ணுங்க" என்றேன்.

ராஜாமணியம்மா திரும்பி மரத்தைப் பார்த்தார். "மரத்துக்கா?"

"மரத்துல அம்மன் இருக்கறான்னா, கலசத்துலயும் வந்து இருப்பா இல்லீங்களா? பூசையறையில வெச்சுக் கும்பிடுங்க. மேடை வேலை முடியட்டும். அப்புறம் கொண்டுவந்து வெச்சுப்போடலாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எனக்குத் தோணலையே" என்றார்.

நர்சரியில் இதைச் சொன்னபோது சரோஜினியம்மா சிரித்தார். "கெட்டிக்காரிங்க நீங்க. நல்ல தந்திரம் பண்ணுனீங்க."

"தந்திரம் இல்லீங்கம்மா. நான் நெசமாத்தான் சொன்னேன்."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க" என்றார். முதலாளி என்னிடம் அந்த வார்த்தை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்தார்கள். பூசாரி வந்து, தர்ப்பைக் கயிற்றின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையைக் கலசத்திலும் கட்டி மந்திரம் சொன்னார். கயிற்றை எடுத்ததும், ராஜாமணியம்மா ஒற்றைக் கையால் கலசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் மாரப்பன் கடப்பாரையைத் தொட்டான். எங்கள் நர்சரியில் குழி எடுக்கிற ஆள்.

மேடையை வெளிச்சுவரிலிருந்து உள்ளே உள்ளே உடைத்து வரவேண்டும். மரத்துக்குக் கையெட்டுகிற தூரம் வந்ததும் சரோஜினியம்மா கடப்பாரையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அங்கிருந்து களைக்கொத்து. அதற்கும் உள்ளே வெறும் கை. கலாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு மண்ணை அள்ளினாள். கடைசியில் குழாயில் தண்ணி பீய்ச்சிக் கழுவினோம். அடிமரம் மண்ணில் இறங்குகிற இடத்தில் யானைக்கால் மாதிரி அகன்றிருக்கும். அதைத்தான் கழுத்து என்போம். அந்தக் கழுத்து வெளியே தெரிந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். புளித்த பாலும் அழுகலும் சேர்ந்த வாடை. பட்டை கறுத்து, வெந்த கிழங்குத் தோல் மாதிரி விரலோடு உரிந்து வந்தது.

சரோஜினியம்மா குத்தவைத்து உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். கறுப்பு. கறுப்பு. இன்னும் நகர்ந்தார். கறுப்பு. கிழக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் பச்சை தெரிந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, அவ்வளவுதான். "இதுல உசிரு இருக்குது" என்றார்.

பிறகு கத்தியை நெருப்பில் காட்டி, அழுகின பட்டையை நல்ல பட்டை வருகிற வரைக்கும் செதுக்கி எடுத்தார். மருந்துக்கு, மயில்துத்தம் என்கிற நீல உப்பு ஒரு மண்சட்டியில், சுண்ணாம்பு ஒரு மண்சட்டியில், தனித்தனியாகக் கரைத்து நான் வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துக் கலக்கி, கத்தியைத் துடைத்து அதில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தோம். கத்தியில் செம்பு நிறம் படிந்தது. அப்படிப் படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்த்து, கத்தி வெள்ளையாக வந்த பிறகு காயம் முழுக்கப் பூசினோம்.

நிமிர்ந்தபோது ராஜாமணியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"இது பால் வாசமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் சரோஜினியம்மா.

ராஜாமணியம்மா மண் அப்பிய கலாமணியின் கைகளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். "கையக் கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி ஒன்றாம் தேதி கலாமணியைத் தாய்வீட்டுக்குத் தாட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகும். சொன்னது சொன்னதுதான் என்று ராஜாமணியம்மா நின்றுவிட்டார். சுந்தரம்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரலைக் கொண்டுவந்து கொட்டியது. மரத்துக்கு அது நல்லதுதான். நான் வேலைக்குப் போகிற வழியில் இறங்கி இறங்கிப் பார்ப்பேன். சுரண்டின இடத்தில் பச்சை வாடாமல் இருந்தது. துளிர் மட்டும் வரவில்லை. ராஜாமணியம்மா ஒற்றைக் கையாலேயே கலசத்துக்குத் தண்ணி மாற்றுவார், பூ வைப்பார். ஒரு நாள் நான் உள்ளே போனபோது சாமி விளக்குத் திரியை ஒரு கையால் திரிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். நான் வாங்கித் திரித்துக் கொடுத்தேன்.

"அவ இருந்தா திரிச்சு டப்பாவுல போட்டு வெச்சிருப்பா" என்றார். பிறகு, "துளுத்துச்சா?" என்றார்.

"இல்லீங்கம்மா."

நான் ஆடி வெள்ளிக்கு மேட்டுப்பாளையத்தில் ஆற்றங்கரை அம்மன் கோயிலுக்குப் போவது வழக்கம். அது தெரிந்து அவரே சொன்னார்: "கலாவைப் பாத்தா சொல்லு. துளுத்த அன்னிக்கே நானே வந்து கூட்டியாரேன்னு சொல்லு."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சாமி கும்பிட்ட கையோடு கலாமணி வீட்டுக்குப் போனேன். களத்தில் பாக்குக் குவியல் முன்னால் உட்கார்ந்து மட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மாமியார் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று நினைத்திருந்தேன்.

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து இன்னொரு பாக்கை எடுத்தாள்.

"மரம் துளுத்தாத்தான் நான் வரோணும்னா, நான் வரலீங்க அக்கா."

"கண்ணு, அப்படியெல்லாம் பேசாத."

"துளுத்துப்போச்சுன்னே வெச்சுக்குவோம். நான் போயிட்டேன். அடுத்த மாசிக்கு எலை கொட்டுமில்லீங்களா? அப்ப மறுபடி பொட்டிய எடுக்கறதா? வருசா வருசம் அது துளுக்கறதைப் பாத்துக்கிட்டே நான் சோறாக்கோணுமா? மரத்துக்கு நான் என்ன ஜாமீனா அக்கா?"

பாக்கு உரிக்கிற கத்தி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குரல்கூட உயரவில்லை.

"இதை எப்படி நான் அவங்ககிட்டச் சொல்றது?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது நான் வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 'கலாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் ஆகட்டும் என்றாள்' என்று சொல்லலாமா? 'உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்' என்று சொல்லலாமா? ஒரு குடும்பம் சேருவதற்காகச் சொல்கிற பொய்யை எந்தச் சாமியும் கோபிக்காது என்றுகூட நினைத்தேன். மறுநாள் சரோஜினியம்மாவிடம் கேட்டேன். அவர் அப்போது நாற்றுப் பை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பழனியம்மா, அந்த ஊட்டுல ஏற்கெனவே ஒரு தடவை மூடி மண்ணு போட்டாச்சுங்க. நீங்க வேற போடாதீங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் போனேன். ராஜாமணியம்மா முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுந்தரம் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கலாமணி சொன்னதை, ஜாமீன் என்கிற வார்த்தை வரைக்கும், ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"ஜாமீனா?" என்றார் ராஜாமணியம்மா. "அப்படியா சொன்னா?"

"ஆமாங்கம்மா."

"கோவமாச் சொன்னாளா?"

"இல்லீங்கம்மா. பாக்கு உரிச்சுக்கிட்டே சொன்னா."

அதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து மரத்திடம் போனார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கிளைகளை அண்ணாந்து பார்த்தார். "மரம் என்ன நெலமையில இருக்குது? நெசத்தைச் சொல்லு."

"மேல காஞ்சுக்கிட்டு வருதுங்கம்மா. பொழைக்குமான்னு எனக்குத் தெரியலீங்க."

நானும் அவரோடு நனைந்துகொண்டு நின்றேன். அவர் வாசல் பக்கம் திரும்பி, "சுந்தரம், நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு என்னைய மேட்டுப்பாளையத்துக்கு ஏத்தி விடு" என்றார்.

"இப்ப ஆடி மாசம்மா. ஆடி முடியட்டுமே. ஆவணி பொறந்து..."

"ஆடி புதுப்பொண்ணுக்குத்தான்டா. அவ என்ன புதுப்பொண்ணா?"

சுந்தரம் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். "ஒண்டியாவா போவீங்க? நானும் வாரேன்" என்றார். "நீ வேண்டாம். அனுப்புனது நான்" என்றார் அந்த அம்மா.

அங்கே நடந்ததைக் கலாமணி பிறகு எனக்குச் சொன்னாள். மாவுக்கட்டுக் கையோடு களத்துக்குள் வந்து, நாற்காலி போடப் போனவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ராஜாமணியம்மா ஒற்றைக் கையால் உரித்த பாக்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாராம். கலாமணிதான் முதலில் கேட்டிருக்கிறாள்.

"துளுத்துருச்சுங்களா அத்தை?"

"இல்ல கண்ணு. துளுக்காதுன்னு நெனைக்கறேன்."

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

"பாலை ஊத்துனது என் கை. உன் கையச் சொன்னது என் வாய். அதுக்குத்தான் வந்தேன்."

கலாமணி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேரும் ஆர்.எஸ்.புரம் வந்துவிட்டார்கள். ஆடி மாசத்திலேயே.

மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மேல்மரம் பிழைக்கவில்லை. ஆவணி பிறந்து பல நாள் ஆன பிறகு, கிழக்குப் பக்கம் பச்சை இருந்த இடத்துக்குக் கீழே, மண்ணை ஒட்டி ஒரே ஒரு துளிர் வந்தது. காய்ந்த மரத்தை அறுத்தெடுத்துவிட்டு, துளிருக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டோம். ராஜாமணியம்மா கலசத்துத் தண்ணியில் ஒரு கை அளவு அதன் வேரில் விட்டுவிட்டு, மிச்சத்தைத் துளசிக்கு ஊற்றினார். "அம்மன் அவளுக்குப் புடிச்ச எடத்துல இருக்கட்டும்" என்றார். பிறகு மேடை கட்டவில்லை. அந்தத் துளிர் இன்றைக்குப் பக்கத்தில் நிற்கிற முருங்கையை விட உயரம். மாசியில் பூக்கிறது. வீட்டில் அழிஞ்சில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வையுங்கள். வெயில் வேண்டும்; நீர் நிற்காத மண் வேண்டும்; வேர் பிடித்த பிறகு தண்ணி குறைவாகவே போதும். மாசியில் மொட்டையானால் பயப்படாதீர்கள். கழுத்தை மூடாதீர்கள். கும்பிடத் தோன்றினால் தள்ளி நின்று கும்பிடுங்கள்.

ராஜாமணியம்மா இப்போது இல்லை. அவர் போன பிறகு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டில் சாமி மரம் பட்டுப்போய்விட்டதாம். கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பி வந்து வாசப்படி மிதித்த அந்த நிமிஷமே குபுகுபுவென்று துளிர்த்ததாம். மரம் கூப்பிட்டதால்தான் மாமியாரே போய் அழைத்துவந்தாளாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் இறங்கவேண்டிய ஸ்டாப் வந்துவிட்டது.

அதனால்தான் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அம்மனுக்குப் பெருமை சேரட்டும் என்று நினைத்துக்கூட எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். மரம் கூப்பிட்டதால்தான் போனார் என்று சொன்னால், அந்த அம்மா செய்ததை நாம் அழித்துப்போடுகிறோம். கலாமணி கோபித்துக்கொண்டு போகவில்லை; அனுப்பினார்கள். அவளைக் கூப்பிட ராஜாமணியம்மா கையில் கட்டோடு பஸ் ஏறினபோது, மரம் மொட்டையாகத்தான் நின்றது.